பள்ளியில் தன்னார்வலராகச் சேர என்னென்ன சான்றிதழ் வேண்டும்? (எக்ஸ்டன், பென்சில்வேனியா)

புதுவரவு:
வணக்கம். கோவையிலிருந்து எக்ஸ்டனுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மகள் மூன்றாம் வகுப்பு. ஈஸ்டரை ஒட்டி வசந்தகால விடுமுறை. அது முடிந்த கையோடு பள்ளியில் புத்தகக் கண்காட்சி, அடுத்து வகுப்புச் சுற்றுலா. இரண்டுக்கும் பெற்றோர் உதவி தேவை என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. "நீ வருவாய்தானே?" என்று மகள் தினமும் நச்சரிக்கிறாள். ஆனால் "கிளியரன்ஸ்" இல்லாதவர்கள் வர முடியாதாம். இது என்ன, எங்கே வாங்குவது? நான் எச்4 விசாவில் (இங்கே வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைப்பது) இருக்கிறேன். சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள். விடுமுறையில் மகளோடு சேர்ந்து செய்ய ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

செஸ்டர் அக்கா:
விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள் தங்கச்சி, இன்றைக்கே விண்ணப்பியுங்கள். மூன்று சான்றுகள். மாநிலக் காவல்துறையின் குற்றப் பதிவுச் சான்று பெரும்பாலும் இணையத்தில் உடனே வந்துவிடும். இரண்டாவது, குழந்தைகளைத் துன்புறுத்திய பதிவு இல்லை என்பதற்கான சான்று. அதற்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். தன்னார்வலர்களுக்கு இரண்டுமே இலவசம். தன்னார்வலர் என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்க மறந்தால் பணம் கேட்கும், கவனம்.

மூன்றாவது எஃப்.பி.ஐ. கைரேகை. பத்து வருடமாகத் தொடர்ந்து பென்சில்வேனியாவில் இருப்பவர்கள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டால் போதும். நீங்கள் புதியவர், எடுத்தே ஆக வேண்டும், கட்டணமும் உண்டு. முன்பதிவு செய்யும்போது ஒரு குறியீடு கேட்பார்கள். பள்ளி அலுவலகத்தில் கேட்டு அதையே கொடுங்கள். குறியீடு மாறினால் மறுபடி பணம் கட்டி, மறுபடி விரலை வைக்க வேண்டியதுதான். எல்லாம் கிடைத்துவிட்டால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை.

உண்மையான சோதனை இரண்டாவது படிவத்தில்தான். 1975 முதல் நீங்கள் குடியிருந்த முகவரிகள் அத்தனையும் கேட்பார்கள், கூட வசித்தவர்களின் பெயர்களும் வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் பிறந்த வீட்டிலிருந்தே தொடங்குங்கள். நான் கல்லூரி விடுதி அறைத்தோழிகளின் பெயர்களைத் தேடி பழைய வாட்ஸ்அப் குழுவைக் கிளறினேன். அதில் ஒருத்தி, "உனக்கு அங்கே என்னடி வழக்கு?" என்று பதறிவிட்டாள்! இன்னொன்று: திருமணத்துக்கு முன் வேறு பெயர் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். தலைப்பெழுத்து எது, குடும்பப் பெயர் எது என்று குழம்பாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள்.

கிங் ஆஃப் பிரஷ்யா அப்பா:
விசா பற்றி: சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்துகொடுப்பதில்தான் சிக்கல். புத்தகக் கண்காட்சியில் நிற்பது எப்போதும் பெற்றோர் சம்பளமின்றிச் செய்வது. என் மனைவியும் எச்4தான், தயங்காமல் போகிறார். சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் விசா வழக்கறிஞரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

விடுமுறைக்கு வெளியூர் டிக்கெட் போடுமுன் பள்ளி நாட்காட்டியை மறுபடி பாருங்கள். பனிக்காகப் பள்ளியை மூடிய நாட்களை ஈடுகட்ட, இந்த விடுமுறையில் ஒன்றிரண்டு நாளைப் பிடுங்கிக்கொள்ளும் பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) உண்டு.

செஸ்டர் அக்கா:
மகளோடு செய்ய: தேவைப்படும் வீடுகளுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் செஸ்டர் கவுண்டி உணவு வங்கி எக்ஸ்டனிலேயே இருக்கிறது, அங்கே போய் உதவலாம். இந்த மாநிலத்தில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் காலை உணவு இலவசம். பள்ளி மூடினால் அதுவும் நின்றுபோகும், அதை நம்பியிருக்கும் வீடுகளுக்கு விடுமுறை கஷ்டம்தான். எந்த வேலைக்கு எத்தனை வயது ஆக வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவரவு:
மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. முதல் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். முகவரிகளுக்கு அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்காட்சியில் என்ன வேலை இருக்கும்?

செஸ்டர் அக்கா:
கணக்குதான்! பிள்ளைகள் ஜிப் பையில் சில்லறையைக் கட்டிக்கொண்டு வந்து மேசையில் கொட்டுவார்கள். எண்ணிப் பார்த்தால் புத்தகத்துக்கு இரண்டு டாலர் குறையும். உடனே அதை வைத்துவிட்டு, பீட்சா வடிவ அழிரப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்பார்கள். காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், மதிய உணவுக்குப் பிறகு கூட்டம் தாங்காது.