நோட் கார்டுக்குச் 'சான்றுச்சீட்டு' சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம். பேச்சுப் போட்டிக்குத் தகவல் திரட்டி எழுதி வைக்கும் 'நோட் கார்டு', அதோடு வரும் மற்ற ஆங்கிலச் சொற்கள், இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழை நீண்டுவிட்டது, ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> 'ஆதார அட்டை' என்றே வைக்கலாமே, பொருள் சரியாக இருக்கிறது.

பொருள் சரிதான் ஐயா. ஆனால் "பேச்சுப் போட்டிக்கு ஆதார அட்டை எழுதி எடுத்து வா" என்று பிள்ளையிடம் சொன்னால், வீட்டில் பீரோவைத் திறந்து 12 இலக்க எண் போட்ட அட்டையைத்தான் கொடுத்தனுப்புவார்கள். 'மூல அட்டை'யும் வேண்டாம், சுவர் விளம்பரங்கள் அந்தச் சொல்லை வேறு வைத்தியத்துக்கு எழுதி வாங்கிவிட்டன.

என் பரிந்துரை 'சான்றுச்சீட்டு'. ஒரு சீட்டில் ஒரே ஒரு தகவல், அது எந்த வாதத்துக்கு உதவும் என்று மேலே இரண்டு மூன்று சொல், எங்கிருந்து எடுத்தது என்று ஓரத்தில் ஒரு எண், அவ்வளவுதான். பிளாஸ்டிக் தடையை ஆதரித்துப் பேசப்போகும் மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் 2018 என்று படிக்கிறாள், இன்னோரிடத்தில் 2019 என்று. இரண்டும் சரி: தமிழ்நாட்டில் அறிவிப்பு வந்தது 2018 ஜூனில், 14 வகைப் பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1-இல். நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1-இல் வந்தது, அது வேறு பட்டியல். மூன்றையும் நோட்டில் ஒரே பத்தியாக எழுதி வைத்தால் மேடையில் குழம்பத்தான் செய்யும், மூன்று சீட்டாக இருந்தால் எது எப்போது, யார் போட்டது என்பது தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்.

தகவல் எங்கிருந்து வந்தது என்று குறிக்கும் சோர்ஸ் கார்டுக்குத் 'தலைச்சீட்டு' என்கிறேன். நூல் பெயர், ஆசிரியர், ஆண்டு, இணையம் என்றால் பார்த்த தேதி எல்லாம் அதில் ஒரே முறை எழுதி 1, 2 என்று எண் போட்டுவிட்டால், அதிலிருந்து பிறக்கும் சான்றுச்சீட்டுகள் 1-அ, 1-ஆ என்று போகும். பக்க எண் மட்டும் ஒவ்வொரு சான்றுச்சீட்டிலும் இருக்க வேண்டும், பிள்ளைகள் விட்டுவிடுவது அதைத்தான்.

> சீட்டு என்றால் சூதாட்டம், சீட்டு கம்பெனி என்றுதானே தோன்றும்? பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல் தேவையா?

தேவை என்றே நினைக்கிறேன். சீட்டைக் கலைக்கலாம், மாற்றி அடுக்கலாம், வேண்டாததைக் கழித்துப் போடலாம்; நோட்டுப் புத்தகத்தில் முடியாதது அதுதான். அதுவுமில்லாமல் மருந்துச்சீட்டு, பயணச்சீட்டு, வாக்குச்சீட்டு எல்லாம் நாம் புழங்குபவைதானே.

எதிர்த்தரப்புத் தகவலுக்கும் தனிப்பெயர் வேண்டும் என்று ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். ரொம்ப அவசியமான கேள்வி. நம் பேச்சுப் போட்டிகளில் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, நடுவில் ஒரு குறள் சேர்த்து, மணி அடிப்பதற்குள் முடித்தால் போதும் என்று ஆகிவிட்டது, எதிராளி என்ன சொல்வார் என்று யாரும் குறித்துக்கொள்வதில்லை. இத்தனைக்கும் இது நமக்குப் புதிதில்லை. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் அருணந்தி சிவாச்சாரியார் முதலில் பரபக்கம் என்று பிற சமயத்தார் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் சுபக்கத்துக்கே, அதாவது தன் கொள்கைக்கே, வருகிறார். 'பரபக்கச் சீட்டு' எனக்குப் பிடிக்கும், ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை முழிக்கும். 'எதிர்ச்சீட்டு' போதும். தடை வந்தால் சிறுதொழில் நசியும், ஆட்கள் வேலை இழப்பார்கள் என்று உற்பத்தியாளர்கள் சொன்னது ஒரு எதிர்ச்சீட்டு; அதன் பின்பக்கத்தில் மாணவியின் பதில்.

அப்புறம் 'பாராஃபிரேஸ்', பிறர் சொன்னதை நம் சொற்களில் எழுதுவது. அதற்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டாம், உரையாசிரியர் மரபில் 'பொழிப்பு' இருக்கிறது. அப்படியே எடுத்த வரிக்குச் சீட்டின் மூலையில் மேற்கோள் என்பதற்கு 'மே', தன் சொற்களில் சுருக்கியதற்குப் 'பொ'. இந்த அடையாளம் இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து எது யாருடைய வரி என்று எழுதியவருக்கே தெரியாது.

மிச்சம் இருப்பது, கேட்பவரை நம் கருத்துக்கு இணங்க வைக்கும் 'பெர்சுவேசிவ் ஸ்பீச்'தான். 'வற்புறுத்தும் உரை' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது கையைப் பிடித்து முறுக்குவது போல இருக்கிறது. 'இணக்குரை' என்று யோசித்தேன், உச்சரிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் சமரசப் பேச்சு என்று பொருள்பட்டுவிடுமோ என்று தயக்கம். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.