மலர் டிராப்ட்: பெலூஸ் ஆத்து மேல்பக்கம் விட்டுப்போச்சு

எல்லாருக்கும் வணக்கம். பெர்த்ல இருக்கிற அண்ணன் மலருக்காக அனுப்பின ஊர் வரலாறு டிராப்ட் படிச்சேன், நல்லா வந்திருக்கு, ஆனா முதல் வரியிலயே எனக்கு இடிக்குது. நம்ம தாத்தாமாரு எஸ்டேட் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி மலேசியா பேராக்ல இருக்கிற நம்ம சுங்கை சிப்புட் வெறும் காடுதான்னு எழுதியிருக்கீங்கண்ணே. காடுதான், ஆனா வெறும் காடு இல்லைலா. பெலூஸ் ஆத்தப் புடிச்சிக்கிட்டே கிழக்கால ஏறினா தித்திவாங்சா மலைப்பக்கம் தெமியார்னு சொல்ற பூர்வகுடி ஆளுங்களோட கம்பம், அதாவது கிராமம் வரும், போஸ் லெகாப், கோல மூ எல்லாம் அங்கதான். பக்கத்து ஊர் கோலகங்சார்ல 1877ல கித்தா (ரப்பர்) கன்னு ஊனுனாங்கன்னு பெருமையா போட்டிருக்கீங்களே, அதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே அவங்க அங்க இருக்காங்க.

சின்னப்புள்ளையில நமக்கு அவங்களப் பத்தி என்ன தெரியும், காட்டுல காய்க்கிற பெத்தாய்க் காய்க் கட்டும் ரோத்தானும் (பிரம்பு) தோள்ல தூக்கிட்டு டவுனுக்கு வருவாங்க, கடையில போட்டுட்டு உப்பு, புகையிலை வாங்கிட்டு பேசாம போயிடுவாங்க, அவ்வளவுதான். அவங்க ஊருங்களுக்கு பாதிக்குப் பாதி ஆத்துப் பேருதான், கோல மூன்னா மூ ஆறு வந்து கலக்கிற இடம். நம்ம ஊரும் அதே கதைதானே, சுங்கைன்னா ஆறு, சிப்புட்னா நத்தை, நத்தை ஆறு. காட்டை வெட்டி எரிச்சு மலைநெல்லும் மரவள்ளியும் போடுவாங்க, மண்ணு சலிச்சதும் வேற எடத்துக்கு மாறிடுவாங்க, ஆனா பழைய எடத்துல நிக்கிற டுரியான் மரம் இன்னார் குடும்பத்து மரம்னு கணக்கு இருக்கும், பழம் விழுற நேரத்துல திரும்பி வந்துடுவாங்க. வெள்ளைக்காரன் மேப்புல இதையெல்லாம் எப்படிக் காட்டுவான், ஆளில்லாத காடுன்னு பச்சையடிச்சு விட்டுட்டான், நாமளும் அதையே காப்பியடிக்கணுமா?

வெள்ளைக்காரன் கம்யூனிஸ்ட்டுங்கள எதிர்த்துப் போட்ட அவசரகாலத்தப் பத்தி டிராப்ட்ல ரெண்டே வரி. நம்ம ஊர்லதானே அது ஆரம்பிச்சது! 1948 ஜூன் 16 காலையில எல்பில் எஸ்டேட்ல வாக்கர் தொரை, கொஞ்ச நேரத்துல இன்னொரு எஸ்டேட்ல ஆலிசன், கிறிஸ்டியன்னு ரெண்டு பேர், மூணு வெள்ளைக்காரங்களையும் கம்யூனிஸ்ட் ஆளுங்க சுட்டுட்டாங்க. ரெண்டு நாள்ல நாடு முழுக்க அவசரகாலம், 1960 ஜூலை 31ல தான் எடுத்தாங்க. நாம பாக்கெட்ல வெச்சிருந்த ஐசி (அடையாள அட்டை) கூட அந்தக் காலத்துல வந்ததுதான்.

எங்க பாட்டி சொல்லும், தூரத்து லயத்துல (எஸ்டேட் வரிசை வீட்டுல) இருந்தவங்களையெல்லாம் ஒரே எடத்துக்குக் கொண்டாந்து சுத்தி கம்பிவேலி போட்டாங்களாம். விடியக்காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு ரப்பர் மரம் வெட்டப் போகையில கேட்ல பொம்பளைங்களையும் தடவிப் பாப்பாங்களாம், பால் வாளியக் கவுத்துப் பாப்பாங்களாம், காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குப் போயிடும்னு ஒரு பிடி சோறு வெளிய போகக்கூடாது. வரக்கோப்பிய (பால் இல்லாத காப்பிய) குடிச்சிட்டு போனா மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோர்ல நிறுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துதான் சாப்பாடு. கடையில தகரடின் வாங்கினா கடைக்காரரே ஆணியால ஓட்டை போட்டுத்தான் குடுப்பாராம், காட்டுக்குள்ள பதுக்கி வெக்க முடியாதுல்ல. கடைசி வரைக்கும் எங்க பாட்டி வீட்ட விட்டுக் கெளம்பினா மடியில கொஞ்சம் அவலோ பொரியோ முடிஞ்சிக்கிட்டுத்தான் போகும், எங்கம்மா கூட கிண்டல் பண்ணும்.

நமக்கு வேலி போட்ட அதே நேரத்துல மேல தெமியாருக்கும் அதுதான் நடந்தது. பிந்தாங் தீகாவுக்கு, அதான் அந்தக் காட்டு கம்யூனிஸ்ட் படைக்கு, சோறு போடுறாங்கன்னு நம்ம மேல என்ன சந்தேகமோ அதே சந்தேகம், மலையிலேர்ந்து அவங்கள எறக்கி கீழ முகாம்ல அடைச்சாங்க. காட்டுக் குளிர்ச்சியில வாழ்ந்தவங்க, அந்த வெக்கையும் நோயும் தாங்காம நெறைய பேர் செத்துட்டாங்க. அப்புறந்தான் கவர்மெண்டுக்கு புத்தி வந்து, ஆளுங்கள எறக்குறதுக்குப் பதிலா காட்டுக்குள்ளயே கோட்டை கட்டினான், போலீஸு, மருந்து, கடை எல்லாம் அங்கயே. இன்னிக்கு நாம போஸ் லெகாப்னு சொல்றது அப்ப ஃபோர்ட் லெகாப். அந்த 'போஸ்' எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே நாப்பது வயசுலதான் ஒறைச்சது.

நம்ம தலைவர் சம்பந்தன் ஐயா, மகாத்மா காந்தி கலாசாலைங்கிற தமிழ்ப்பள்ளி, 1960ல ஆரம்பிச்ச நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், மாசம் பத்து வெள்ளி கட்டி பங்கு வாங்கினது எல்லாம் டிராப்ட்ல நல்லாவே இருக்கு, அதுல கை வெக்காதீங்க. முதல் வரிய மட்டும் மாத்துங்கண்ணே. மேப் போடுற தம்பி, ஆத்துக் கோட்ட நம்ம எஸ்டேட் எல்லையோட நிறுத்திடாதப்பா, கோல மூ வரைக்கும் இழுத்து விடு. அப்புறம் ஓட்டை போட்ட டின்னோ, அந்தக் காலத்து அரிசி கார்டோ யார் வீட்டுப் பரண்ல இருந்தாலும் போட்டோ எடுத்து இங்கயே அனுப்புங்க, மலர்ல அரைப்பக்கம் காலியாத்தான் கெடக்கு.