உருவிலி: திரையில் குரலாக மட்டும் வாழும் பாத்திரத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

திரையில் முகம் காட்டாமல் குரலாக மட்டும் வாழும் பாத்திரத்துக்குப் பிரெஞ்சுத் திரை ஆய்வாளர் மிஷெல் ஷியோன் வைத்த ‘அக்கூஸ்மெத்ர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை மறைகுரல், காணாக்குரல், திரைமறைக் குரல், அரூபக்குரல், அசரீரி என ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நாளை விமர்சனம் எழுதுகிறவர் கையில் அது நிற்காது. சொல் எங்கே வேலை செய்யவேண்டுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கவேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது ஸ்பைக் ஜோன்ஸ் எழுதி இயக்கிய ‘ஹெர்’ (2013). மனைவியைப் பிரிந்து தனியாக வாழும் தியடோர், தான் வாங்கிய செயற்கை நுண்ணறிவு இயங்குதளத்தைக் காதலிக்கும் கதை. அந்த இயங்குதளம் தனக்குத் தானே சமந்தா என்று பெயர் வைத்துக்கொள்கிறது.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லின் பின்னணி, சுருக்கமாக. பித்தகோரஸ் ஒரு திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் சொல்வார், மாணவர்கள் குரலை மட்டும் கேட்பார்கள் என்றொரு பழங்கதை உண்டு. அந்த மாணவர்களுக்கு வழங்கிய கிரேக்கப் பெயரிலிருந்து, எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் காதில் விழும் ஒலிக்கு ‘அக்கூஸ்மாட்டிக்’ என்ற பெயர் வந்தது. அதைப் பரவலாக்கியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர். அவர் வழிவந்த ஷியோன், சினிமாவில் குரல் பற்றி 1982இல் எழுதிய நூலில் அதோடு ‘எத்ர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை ஒட்டினார். எத்ர் என்றால் இருப்பது, உயிர், ஆள். ஆக இது ஒரு குரலைச் சுட்டும் பெயர் இல்லை. குரலாக மட்டும் இருக்கிற ஓர் ஆளின் பெயர். இதை விட்டுவிட்டால் பரிந்துரை தானாகவே ‘குரல்’ என்று போய் முடியும். வந்த ஐந்தில் நான்கு அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

அந்த ஆளுக்கு ஷியோன் நான்கு ஆற்றல்களைச் சொல்கிறார்: எங்கும் இருப்பது, எல்லாம் பார்ப்பது, எல்லாம் அறிவது, நினைத்ததை முடிப்பது. முகம் தெரிந்த நொடியில் இந்த ஆற்றல் போய்விடும். 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் நாய்க்குட்டி திரைச்சீலையை இழுத்ததும் மாமந்திரவாதி சாதாரணக் கிழவனாகிவிடுகிறான் அல்லவா, அதுதான்.

இனி ‘ஹெர்’. இரண்டு பேர் பேசும் காட்சியை எடுக்கச் சினிமாவுக்குத் தெரிந்த முதல் வழி, அவர் முகம், இவர் முகம் என்று மாறி மாறிக் காட்டுவது. நம் ஆட்கள் ரிவர்ஸ் ஷாட் என்று சொல்வது. இந்தப் படத்தில் திரும்பிக் காட்ட எதிரே முகம் இல்லை. ஒளிப்பதிவாளர் ஹோய்டே வான் ஹோய்டெமா என்ன செய்கிறார் என்றால், கேட்கிறவன் முகத்திலேயே தங்கிவிடுகிறார். தியடோராக நடிக்கும் வாக்கின் ஃபீனிக்ஸின் முகம் நெருக்கத்தில், பின்னால் நகரம் ஃபோகஸ் இழந்து கரைந்து கிடக்கிறது. அவள் சொல்லும் வாக்கியத்தின் நடுவில் அவன் புருவம் அசைவதைப் பார்த்துத்தான் அவள் எப்படிச் சொன்னாள் என்பது நமக்குப் பிடிபடுகிறது. காதல் படத்தில் பாதி நேரம் ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் காட்டி நம்மை உட்கார வைப்பது சின்ன வேலை இல்லை.

ஒலியில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஓர் அறைக்குள் ஒருவர் பேசினால் அந்த அறையின் எதிரொலி குரலில் கொஞ்சம் ஒட்டும். கடற்கரை, ரயில், கூட்டம் எதுவானாலும் அதன் சாயல் படியும். சமந்தாவின் குரலில் இடத்தின் சாயலே பெரும்பாலும் இல்லை. மைக்கை வாயருகே வைத்துப் பதிவு செய்த மூச்சும் சிரிப்பும், எதிரொலியற்ற உலர்ந்த நெருக்கமுமாக, அவன் எங்கே இருந்தாலும் நம் காதுக்கு ஒரே தூரத்தில் இருக்கிறாள். பாத்திரத்தின் மனத்துக்குள் ஒலிப்பதுபோன்ற குரலுக்கு ஷியோன் சொல்லும் அடையாளங்களும் இவையே: நெருக்கம், உலர்வு. அதனால்தான் படம் பார்க்கும்போது அவள் அவன் சட்டைப்பையில் இருக்கிறாளா, நம் தலைக்குள் இருக்கிறாளா என்று குழம்புகிறது.

அந்தச் சட்டைப்பையையும் விட்டுவிட மனமில்லை. அவளுக்குக் கண்ணாக இருக்கும் சின்னக் கருவியைப் பையில் போட்டால் அதன் கேமரா உள்ளே மூழ்கிவிடும், அவளுக்கு எதுவும் தெரியாது. அதனால் தியடோர் பையின் குறுக்கே ஓர் ஊக்கைக் குத்தி, அதன்மேல் கருவியை நிறுத்திவைக்கிறான், அவள் எட்டிப் பார்க்க. உடலில்லாத ஒருத்திக்காக ஒருவன் சட்டையில் ஊக்கு குத்துகிறான். அந்தக் காதலைப் பற்றி எத்தனை வசனம் எழுதினாலும் இந்த ஊக்கு சொல்வதைச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு உத்தி: பிரிந்த மனைவி கேத்தரின் நினைவுக்கு வரும் காட்சிகள். வெளிச்சம் நிறைந்தவை, கைக்கெட்டும் அருகில் எடுத்தவை, பெரும்பாலும் பேச்சில்லாதவை. மனைவிக்கு உடல் இருக்கிறது, குரல் இல்லை. காதலிக்குக் குரல் இருக்கிறது, உடல் இல்லை. படத்தொகுப்பு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகிறது. தியடோரும் சமந்தாவும் முதன்முறை கூடும் இரவில் திரை முழுக்கக் கறுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவனும் உருவில்லாதவன். இருவரும் குரல் மட்டும்.

சரி, பரிந்துரைகளை இந்தப் படத்தின் முன்னால் நிறுத்துவோம்.

மறைகுரல், காணாக்குரல், திரைமறைக் குரல் மூன்றுக்கும் ஒரே சிக்கல்: எங்கோ ஓர் உடல் ஒளிந்திருக்கிறது என்று அவை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. படத்தின் தொடக்கத்தில் தியடோர் தூக்கம் வராமல் முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு இரவில் ஃபோனில் பேசுகிறான். அவளுக்கு எங்கோ ஒரு வீடு, ஒரு கட்டில் இருக்கும். அவளைக் காணாக்குரல் என்று தாராளமாகச் சொல்லலாம். சமந்தாவைத் தேடினால் காண ஒன்றுமே இல்லை. ஜோன்ஸ் அந்த ஃபோன் காட்சியை முதலிலேயே வைத்ததற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ‘திரைமறைவு’ என்றாலே நமக்குப் பேரமும் சதியும் ஞாபகம் வருவது தனிச் சங்கடம். அரூபக்குரலை நீண்டு பேச வேண்டாம். அரூப ஓவியம் என்ற வழக்கு நிலைபெற்றுவிட்டதால் அரூபம் வேறு பொருளுக்குப் போய்விட்டது.

முந்தைய மடல் ஒன்றில் ‘பின்னணிக் குரல் என்று இருக்கிறதே, அது போதாதா’ என்று கேட்டிருந்தார்கள். நம் ஊரில் பின்னணிக் குரல் என்பது டப்பிங். திரையில் ஓர் உடல் வாயசைக்கும், இன்னொருவர் குரல் கொடுப்பார். ‘ஹெர்’ படத்திலும் குரல் மாற்றம் நடந்தது. படப்பிடிப்பின்போது சமந்தாவாகப் பேசியவர் நடிகை சமந்தா மார்ட்டன். ஒலி புகாத சிறு பெட்டிக்குள் அமர்ந்து அவர் பேச, ஃபீனிக்ஸ் காதில் கேட்டபடி நடித்தார். படத்தொகுப்பின்போது வேறு குரல் வேண்டும் என்று ஜோன்ஸ் முடிவு செய்ய, ஸ்கார்லெட் ஜோஹான்சன் வந்து முழுவதையும் மறுபடி பேசினார். அதே ஆண்டு ரோம் திரைப்பட விழாவில், திரையில் ஒரு நொடிகூடத் தோன்றாத அந்த நடிப்புக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அங்கே குரலே பாத்திரம். அதைப் பின்னணி என்று எப்படிச் சொல்வது?

மிஞ்சுவது அசரீரி. நல்ல சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். வடமொழி என்பதற்காக அதை ஒதுக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் தடை வேறு. கம்சனுக்குக் கேட்ட அசரீரியை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடும், திரும்பக் கேள்வி கேட்க முடியாது, சொன்னது பொய்க்காது. அக்கூஸ்மெத்ர் பொய் சொல்லும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் விண்கலத்தின் பேசும் கணினியான ஹால் பொய் சொல்கிறது. சமந்தா ஊடுகிறாள், பொறாமைப்படுகிறாள், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். சுரங்க ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து தியடோர் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது: அதே நேரத்தில் அவள் 8,316 பேரோடு பேசிக்கொண்டிருக்கிறாள், அவர்களில் 641 பேரைக் காதலிக்கிறாள். ஷியோன் சொன்ன ‘எங்கும் இருப்பது’ என்ற ஆற்றல் ஒரு காதலனின் நெஞ்சில் எப்படி இறங்கும் என்று இதைவிடத் துல்லியமாக எந்தப் படமும் காட்டி நான் பார்த்ததில்லை. அசரீரியிடம் யாரும் ‘வேறு யாரையாவது காதலிக்கிறாயா’ என்று கேட்கமாட்டார்கள்.

என் பரிந்துரை: உருவிலி.

உரு + இலி. ஏதிலி என்ற சொல் அகதிக்கு வழக்கில் வந்துவிட்டதைப்போல இதுவும் ஓர் ஆளையே சுட்டும். அந்த ஆள் பேசுவதைத் தனியாகச் சொல்லவேண்டிய இடத்தில் ‘உருவிலிக் குரல்’ என்று நீட்டிக்கொள்ளலாம். ‘சொல்லில் குரலே இல்லையே, பேய்ப்படத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கதவைத் தள்ளுவதும் உருவிலிதானே’ என்ற கேள்வி வரும். ஏதிலி என்ற சொல்லுக்குள் நாடும் இல்லை, போரும் இல்லை, ஆனாலும் பொருள் தெளிவாக நிற்கிறது. கலைச்சொல்லின் எல்லையை வரையறையில் எழுதிக்கொள்ளலாம். பேசாத பேய் இந்த வரையறைக்குள் வராது. இன்னொன்று, மன்மதனுக்கு உருவிலாளன் என்று பெயர். சிவன் நெற்றிக்கண்ணால் எரித்தபின் உடலற்றவனானதால் அனங்கன், உருவிலாளன். காதலுக்குரிய தெய்வத்தையே உடலில்லாதவனாக நினைத்த மொழியில் இந்தச் சொல் அந்நியமாக ஒலிக்காது.

முகம் தெரிந்து ஆற்றல் போகும் தருணத்துக்கும் ஷியோனிடம் தனிச் சொல் உண்டு. அதற்கு ‘உருவேற்றம்’ என்று வந்த பரிந்துரையை ஏற்க முடியவில்லை, உருவேற்றுவது என்றால் மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. ‘உருத்தெரியாமல்’ என்று தினமும் சொல்கிறோம், அதையே திருப்பி ‘உருத்தெரிவு’ என்று வைக்கலாம். ‘ஹெர்’ படத்தில் இது வரும் இடம் விசித்திரமானது. தனக்கு உடலாக இருக்கச் சமந்தா ஒரு பெண்ணை ஏற்பாடு செய்கிறாள். அந்தப் பெண்ணின் காதில் ஒலிப்பான், முகத்தில் மச்சம்போல ஒரு சின்னக் கேமரா. அவள் வாய் திறப்பதில்லை, சமந்தாவின் குரல் பேசுகிறது, அந்த உடல் அணைக்கிறது. தியடோரால் முடியவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுடைய உதடு துடித்ததைச் சொல்கிறான். வாயைக் காட்டாதவரை உருத்தெரிவு முழுமையாகாது என்பது ஷியோனின் வாதம். இங்கே காட்சி உடைவது சரியாக வாயில். குரலுக்குச் சொந்தமில்லாத வாய். உருவிலிக்கு உருக்கொடுக்கப்போய், அவள் உருவிலிதான் என்பது அவனுக்கு முன்னைவிட உறைக்கிறது.

மூன்றாவதாக ஒன்று, ஷியோனிடம் இல்லாதது, நமக்கு வேண்டியது. குரலைக் கேட்டுக் கேட்டு, கேட்பவர் மனத்தில் எழும் உருவத்துக்குச் சொல். அதைப் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. காணாத ஒருவரை ஏக்கம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதை ‘உருவெளிப்பாடு’ என்று நம் உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள். கம்பனில் சூர்ப்பணகை சீதையை வர்ணிக்கக் கேட்ட மாத்திரத்தில், இராவணன் அதுவரை பார்த்தே இராத சீதையை எதிரே காண்கிறான். சூர்ப்பணகையைக் கூப்பிட்டு இவள்தானா என்று கேட்கிறான். அவளுக்கோ அதே இடத்தில் இராமன் தெரிகிறான். ஒரே வெற்றிடத்தில் இரண்டு பேர் இரண்டு உருவங்களைப் பார்க்கிறார்கள். ‘ஹெர்’ பார்க்கும் அரங்கில் நடப்பதும் இதுதான். ஜோஹான்சனின் முகத்தை அறிந்தவருக்கு ஓர் உருவெளிப்பாடு, அறியாதவருக்கு வேறொன்று, தியடோருக்கு மூன்றாவது ஒன்று.

கடைசியாக, வினைமுற்று. ‘உருவிலி பேசுகிறது’ என்பதா, ‘பேசுகிறாள்’ என்பதா? இலி என்ற ஈறு எந்தப் பாலுக்கும் பொதுவாக நிற்கக்கூடியது. எழுதுகிறவர் அந்தப் பாத்திரத்தை யாராகக் காண்கிறாரோ அப்படி எழுதட்டும், நாம் விதி போட வேண்டாம். நான் இந்த மடலில் இயங்குதளம் என்று தொடங்கியபோது ‘வைத்துக்கொள்கிறது’ என்றும், அப்புறம் ‘அவள்’ என்றும் எழுதியிருப்பது தெரிந்து செய்ததே.

பதிவுக்கான வரைவு: உருவிலி, பெயர்ச்சொல். திரைப்படத்தில் உருவம் காட்டப்படாமல், குரலால் மட்டும் கதைக்குள் பாத்திரமாக இயங்கும் ஆள் அல்லது பொருள். கதைக்கு வெளியே நின்று விவரிக்கும் குரல் இதில் சேராது.

‘ஆள் அல்லது பொருள்’ என்ற இடத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. சமந்தாவை அந்த இரண்டில் எதில் வைப்பது என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் வரைவைத் திருத்தி மறுபடி அனுப்புகிறேன்.

அன்புடன்.