சேலத்தில் குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் சில தெருக்கள் திடீரென்று அகலமாவது ஏன்?

தெருப்பித்தன்:
சேலத்துப் பழைய பேட்டைகளில் ஒன்றின் வரலாற்றைத் தெரு அமைப்பிலிருந்து எழுத முயல்கிறேன். பக்கத்துச் சந்தில் ஒரு வண்டி நுழையாது. ஆனால் அடுத்த தெரு நடுவில் மட்டும் மைதானம் மாதிரி விரிகிறது. தேர் ஓடிய இடமா, சந்தையா? எதை வைத்து முடிவு செய்வது?

பாவு நூல்:
மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாவடி. நெசவாளர்கள் பாவு, அதாவது துணியின் நீளவாட்டு இழைகளை, விரித்துக் கஞ்சி தோய்த்த பொது இடம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் என்றால் நான்கு சேலைப் பாவுக்கே 22 மீட்டர் நேர்க்கோடாக வேண்டும். இரு பக்கமும் ஆள் நடந்து தூரிகையால் தேய்க்க இடமும் வேண்டும். விடியற்காலையில்தான் வேலை, வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை அறுந்துவிடும். அதனால் நிழல்மரமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேர் வீதி என்றால் கோயிலைச் சுற்றி வந்து சேரும், முனைகள் அகலமாக இருக்கும். சந்தை என்றால் வண்டிப்பாதைகள் வந்து கூடும். செவ்வாய்ப்பேட்டை பெயரிலேயே சந்தைக் கிழமை இருக்கிறது. பாவடிக்கு நீளமும் நேரும்தான் முக்கியம். நாடா பிடித்து அளந்து எழுதுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

சுற்றியுள்ள பழைய வீட்டுத் தரையையும் பாருங்கள். குழித்தறி (நெசவாளர் காலை இறக்கி மிதிக்கத் தரையில் குழி வெட்டி அமைத்த கைத்தறி) இருந்த இடத்தில் தூர்த்த குழி, செவ்வகமாக வேறு நிறச் சிமெண்ட்டில் தெரியலாம். மண் ஈரம் பருத்தி இழையை அறாமல் காக்கும் என்பதால்தான் தறி குழிக்குள் இறங்கியது.

செக்குபந்தி:
களத்தை ஆவணத்தோடு பொருத்தாவிட்டால் ஊகமாகவே நின்றுவிடும். முதலில் நகர நில அளவைப் பதிவேட்டு நகல் எடுங்கள்: வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றும் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். இந்த வார்டு வேறு, மாநகராட்சியின் 60 வார்டுகள் வேறு. பாவடி என்றே பதிவாகியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புறம்போக்கு என்று மட்டும் இருக்கலாம்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல். இணையத்தில் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிந்தையதுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனு கொடுக்க வேண்டும்.

பத்திரத்தில் உயிர்நாடி செக்குபந்திதான், அதாவது நான்கு திசை எல்லை விவரம். ‘பாவடிக்கு மேற்கு’ என்றால் வீடுதான் பாவடிக்கு மேற்கே இருக்கிறது. பாவடி வீட்டுக்குக் கிழக்கே. இதைத் திருப்பிப் படித்தால் வரைபடமே தலைகீழாகிவிடும். ஒரே பாவடியை நான்கு திசை வீட்டுப் பத்திரங்களும் சுட்டினால் எல்லை தானாகவே கிடைத்துவிடும். 1883-இல் வந்த ல ஃபானுவின் மாவட்டக் கையேடு, 1918-இன் ரிச்சர்ட்ஸ் கெசட்டியர் (மாவட்ட விவர நூல்) இரண்டும் பின்னணிக்கு நல்லவை. தெரு அளவுக்கு இறங்க உதவாது.

தெருப்பித்தன்:
நன்றிங்க. ஆடி ஊர்வலப் பாதையைச் சான்றாக எடுக்கலாமா?

பாவு நூல்:
எடுக்கலாம், துணைச்சான்றாக. பேட்டை மாரியம்மன் ஊர்வலம் எந்த முனையில் திரும்புகிறது என்பது பேட்டையின் பழைய எல்லையைக் காட்டலாம். ஆனால் மேம்பாலம், ஒருவழிப்பாதை, போலீஸ் ஏற்பாடு எல்லாம் பாதையை மாற்றிவிடும். ‘அந்தக் காலத்தில் எப்படிப் போச்சு?’ என்று தனித்தனியாக மூன்று பெரியவர்களிடமாவது கேட்டு, ஒத்துப்போகும் திருப்பங்களை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள்.