30 சதவீதமா, 10 சதவீதமா? ஆஃப்செட் கணக்கில் ஒரு மல்லுக்கட்டு

கணக்குப்பிள்ளை:
நேற்று இந்த மன்றத்தில் வல்லூறு எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. ஆஃப்செட் என்றால், ஆயுதம் விற்கும் வெளிநாட்டு நிறுவனம் அந்த விலையில் ஒரு பங்குக்கு இங்கேயே பொருள் வாங்க வேண்டும், அல்லது தொழில்நுட்பம் தர வேண்டும் என்ற நிபந்தனை. வெளிநாட்டில் ஆயுதம் வாங்கினால் ஆஃப்செட் விதிப்படி 30 சதவீதப் பணம் அப்படியே இந்தியாவுக்குத் திரும்பிவிடுமாம். 2012இல் மடங்குக் கணக்கு வந்ததே, மறந்துபோச்சா? அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்குத் தொழில்நுட்பம் கொடுத்தால், அதன் மதிப்பை 3 மடங்கு வரை வரவு வைக்கலாம் என்றார்கள். விற்பவன் 10 கோடிக்குக் கொடுத்துவிட்டு 30 கோடி என்று எழுதிக்கொள்வான். ஆக, 30 இல்லை, 10.

வல்லூறு:
அந்த 2012 விதியில் 3 மடங்கு எல்லாருக்கும் கிடையாது. ஏற்றுமதி உரிமை உட்பட எந்தத் தடையும் இல்லாமல் கொடுத்தால்தான். சிறு, குறு நிறுவனத்திடம் வாங்கினால் 1.5. சாதாரணக் கொள்முதலுக்கு ரூபாய்க்கு ரூபாய்தான். விதியில் பாதியைப் படித்துவிட்டுப் பாடம் எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
30ஐ 1.5ஆல் வகுத்தால் 20. அதுவும் 30 இல்லையே! நான் கேட்பது 30 எங்கே என்று.

மேகலை:
ஒரு சந்தேகம். ஆஃப்செட் என்று நீங்கள் சொல்வது திரும்பி வரும் பணத்தையா, இங்கே கிடைக்கும் வேலையையா, தொழில்நுட்பத்தையா? ஆளுக்கொன்றைப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதெல்லாம் அப்புறம். முதலில் 30க்குப் பதில் வரட்டும்.

பழம்பட்டாளம்:
1975இல் பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே நான்கும் சேர்ந்து அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானங்கள் 348 வாங்க ஒப்புக்கொண்டன. தங்கள் விமானங்களின் மதிப்பில் 40 சதவீத வேலை, அமெரிக்க விமானப்படை வாங்கும் 650இல் 10 சதவீதம், வேறு நாடுகளுக்கு விற்பதில் 15 சதவீதம் என்று பேசி வாங்கினார்கள். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் முழு விமானத்தையே பாகம் பாகமாகப் பொருத்தி முடித்தார்கள். பேரம் பேசத் தெரிய வேண்டும், தம்பி.

கணக்குப்பிள்ளை:
பட்டாளத்தார் வந்துவிட்டார். போன மாதம் டாங்கியின் எடையில் இரண்டு டன்னைத் தொலைத்தவர் இங்கே சதவீதம் பேசுகிறார். அந்த 40இல் மடங்கு உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

பழம்பட்டாளம்:
அந்த டாங்கிக் கணக்கு சரிதான். வெடிகுண்டு, எரிபொருள் இல்லாத எடை என்று அன்றே எழுதினேன். தேடிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
தேடினேன். எழுதவில்லை.

வல்லூறு:
டாங்கியை விடுங்கள். 2020 செப்டம்பரில் வந்த சிஏஜி (அரசின் கணக்குத் தணிக்கைத் தலைவர்) அறிக்கையைப் பாருங்கள். 2005 முதல் 2018 மார்ச் வரை 46 ஆஃப்செட் ஒப்பந்தங்கள், 66,427 கோடி. 2018 டிசம்பருக்குள் முடித்திருக்க வேண்டியது 19,223 கோடி. நிறுவனங்கள் செய்ததாகக் காட்டியது 11,396 கோடி. இந்தியத் தொழில்துறைக்கு உயர் தொழில்நுட்பம் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுகூட இல்லை என்றும் அதில் இருக்கிறது. அப்படியானால் உங்கள் 3 எங்கே போய் வேலை செய்தது?

கணக்குப்பிள்ளை:
அதே அறிக்கைதான் எனக்கும் சாட்சி! அந்த 11,396இல் பாதுகாப்பு அமைச்சகம் ஏற்றது 5,457 கோடி. பாதிகூடத் தேறவில்லை. 30 என்று மேடை போட்டுப் பேசினீர்களே?

வல்லூறு:
அது நிறைவேற்றாத கதை. மடங்குக் கதை வேறு. இரண்டையும் குழப்புவது நீங்கள்தான்.

கணக்குப்பிள்ளை:
குழப்பம் எனக்கில்லை. 30 இல்லை, 10.

மேகலை:
2020 விதிகளில் அரசுக்கு அரசு ஒப்பந்தம், ஒரே விற்பனையாளரிடம் வாங்குவது ஆகியவற்றுக்கு ஆஃப்செட்டையே எடுத்துவிட்டார்கள். விற்பவன் அந்தச் செலவையும் விலையில் ஏற்றிவிடுகிறான் என்று ரொம்ப நாளாகவே ஒரு வாதம் உண்டு. அதைப் பேசலாமே.

வல்லூறு:
நல்ல கேள்வி. ஆனால் இவர் முதலில் 1.5க்கும் 3க்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளட்டும்.

கணக்குப்பிள்ளை:
எனக்கா தெரியாது? நான் இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிறவன்.

பழம்பட்டாளம்:
யாருடைய கணக்கை? அந்த டாங்கி விவாதத்தின் சுட்டியை இதோ தேடுகிறேன், இருங்கள்.

கணக்குப்பிள்ளை:
தேடுங்கள். தேடி முடிப்பதற்குள் 30ஐ 3ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.