நடக்கும் காவலாளி ஏன் வழுக்குகிறார்?

கேள்வி:
வணக்கம். பிகோ-8 என்ற, சின்ன வீடியோ கேம்கள் செய்யும் மென்பொருளில் முதல் ஆட்டம் செய்துகொண்டிருக்கிறேன். அரிக்கேன் விளக்கோடு ரோந்து போகும் காவலாளிதான் நாயகன். 16க்கு 16 பிக்சல், நாலு பிரேம் நடை, அதாவது நாலு படங்கள் மாறி மாறி வரும். எடிட்டரில் பார்த்தால் அழகாக நடக்கிறார். ஆட்டத்தில் விட்டால் எண்ணெய்த் தரையில் போவதுபோல் வழுக்குகிறார். பிரேமை எட்டாக்கியும் அதேதான். ஆட்டம் நொடிக்கு 60 முறை அப்டேட் ஆகிறது, ஒவ்வொன்றிலும் அவரை 2 பிக்சல் நகர்த்துகிறேன். 8 அப்டேட்டுக்கு ஒருமுறை பிரேம் மாறுகிறது.

பதில் 1:
தம்பி, படத்தை மாற்ற வேண்டாம், கணக்கைப் பாருங்கள். ஊன்றிய கால் தரையை விட்டு நகரக் கூடாது. ஸ்பிரைட்டுக்குள், அதாவது காவலாளியின் படத்துக்குள், அந்தக் கால் எத்தனை பிக்சல் பின்னால் போகிறதோ, திரையில் ஸ்பிரைட் அத்தனை பிக்சல்தான் முன்னால் போக வேண்டும்.

16 பிக்சல் உருவத்தில் ஒரு பிரேமுக்குக் கால் சுமார் 4 பிக்சல் பின்னால் போகும். உங்கள் காவலாளியோ அந்த 8 அப்டேட்டுக்குள் 16 பிக்சல் போய்விடுகிறார். மீதி 12 பிக்சலும் சறுக்கல்தான். அதோடு, 128 பிக்சல் திரையை ஏறக்குறைய ஒரே நொடியில் கடப்பது ரோந்து நடையா? அப்டேட்டுக்கு அரை பிக்சல் போதும்.

நான் நேரத்தை எண்ணுவதில்லை, தூரத்தைத்தான் எண்ணுவேன். 4 பிக்சல் நகர்ந்தால் அடுத்த பிரேம். அப்புறம் வேகத்தை எப்படி மாற்றினாலும் கால் தரையோடு ஒத்துப்போகும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் ஓட்டத்துக்கு மூன்றே பிரேம்கள். மாரியோவின் வேகம் கூடும்போது பிரேம் மாறும் வேகமும் கூடும், அதனால்தான் மூன்றே போதுமாக இருக்கிறது.

சோதிக்க, தரையில் ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்கள். பிரேம் மாறும் ஒவ்வொரு முறையும் ஊன்றிய குதிகால் அந்தப் புள்ளிக்கே திரும்பி வர வேண்டும்.

பதில் 2:
அண்ணன் சொன்னதுதான் முக்கியம். கூடவே, கால்கள் அகன்றிருக்கும் பிரேமைவிட, ஒரு கால் மற்றதைத் தாண்டும் பிரேமில் உடம்பை 1 பிக்சல் உயர்த்துங்கள். தொலைவில் இருக்கும் காலுக்குக் கொஞ்சம் இருண்ட நிறம் கொடுங்கள், இல்லையென்றால் எந்தக் கால் முன்னால் வருகிறது என்றே தெரியாது. விளக்கு கையோடு சேர்ந்தே ஆட வேண்டாம், ஒரு பிரேம் பிந்தி ஆடட்டும்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, தூரத்தை எண்ணும்படி மாற்றிவிட்டேன். குதிகால் புள்ளியிலேயே வந்து நிற்கிறது! எட்டு பிரேமைத் தூக்கிவிட்டுப் பழைய நாலுக்கே வந்துவிட்டேன். விளக்கையும் ஒரு பிரேம் பிந்த வைத்தேன், இப்போது அதற்குக் கனம் வந்துவிட்டது. அவர் நின்ற பிறகும் விளக்கு இரண்டு முறை ஆடி அடங்க வேண்டும். இன்று ராத்திரி அதைத்தான் வரையப்போகிறேன்.