தானே பிட் மாற்றும் வசதியா, தூசி உறிஞ்சியா, முதலில் எது? (சின்ன சிஎன்சி ரூட்டர், வீணை வேலை)

வீணைப்பட்டறை, தஞ்சாவூர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுப் பின்கட்டுதான் பட்டறை. அப்பா நாற்பது வருஷமா வீணை செய்றார். குடம் குடையறதும் தண்டி இழைக்கிறதும் இன்னைக்கும் அவர் கை உளிதான். மேல்பலகையில் பூவேலை போடவும், பதிப்பு வேலைக்குப் பள்ளம் எடுக்கவும் மட்டும் ரெண்டு வருஷம் முன்னாடி கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தைச் செதுக்குற ஒரு சிஎன்சி ரூட்டர் கட்டினேன். 900க்கு 600 மில்லிமீட்டர் மேடை, 2.2 கிலோவாட் வாட்டர் கூலிங் ஸ்பிண்டில் (பிட்டைச் சுத்தற மோட்டார்), இஆர்20 காலெட் (நட்டு முடுக்கிப் பிட்டைப் பிடிக்கிற கவ்வி), ஜிஆர்பிஎல் போர்டு (மெஷினை ஓட்டற மென்பொருள் போட்டது).

ஒரு பலகைக்கு மூணு பிட் (வெட்டுற அலகு) மாத்தணும். 6 மில்லி எண்ட் மில்லில் தோராயமா எடுத்து, 3 மில்லி உருண்டை முனை பால் நோஸில் வளைவெல்லாம் முடிச்சு, கடைசியா கொடிக்கோட்டுக்கு 60 டிகிரி வி பிட். ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஸ்பேனர், அப்புறம் பிட்டுக்கு அடியில் பேப்பர் வச்சு இசட் பூஜ்யம், அதாவது பிட் முனை பலகையைத் தொடற உயரம், பார்க்கணும். போன வாரம் பேப்பர் வைக்க மறந்துட்டேன். வி பிட் நாலு மில்லி உள்ளே இறங்கிடுச்சு. பண்ருட்டியிலிருந்து வந்த பலாப் பலகை, மூணு வருஷம் நிழல்ல காய்ஞ்சது. அப்பா ஒண்ணும் சொல்லலை, பலகையை எடுத்துச் சுவத்தோரம் சாத்தி வச்சுட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயித்தைப் பிசையுது. அதனாலதான் தானே பிட் மாத்துற மாதிரி பண்ணணும்னு தோணுது.

இன்னொண்ணு தூசி. மாடியில் அம்மா காயப்போட்ட வடகத்து மேல மஞ்சளாப் படியுது. அப்பாவுக்கு 64 வயசு, ராத்திரியில் இருமல். கையில் 60,000 ரூபாய் இருக்கு. எதை முதல்ல செய்யறது?

கதவுவேலை, கும்பகோணம்:

தம்பி, தூசியை முதல்ல பாருங்க. அப்பா இருமறார்ங்கிற ஒரு வரியே எனக்குப் போதும். மரத்தூசி மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லயே முதல் வகையில் சேர்த்தாச்சு. கண்ணுக்குத் தெரியற சுருளும் தூளும் கீழே விழுந்துடும், பெருக்கி அள்ளிடலாம். நுரையீரலுக்குள்ள போறது கண்ணுக்குத் தெரியாத பொடி.

மெஷின் பக்கமாப் பார்த்தாலும் இதே பதில்தான். நான் தேக்குக் கதவுக்கு, தானே பிட் மாத்துற ஐஎஸ்ஓ20 ஸ்பிண்டில் வச்சிருக்கேன். பிட் மாட்டியிருக்கற ஹோல்டரோட கூம்பை உள்ளே ஸ்பிரிங் இழுத்துப் பிடிச்சிருக்கும், கம்ப்ரசர் காத்து ஏறக்குறைய 6 பார் அழுத்தத்தில் தள்ளினா விடும். அந்தக் கூம்புக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் ஒரு தூசித் துணுக்கு உக்காந்தாப் போதும். எனக்கு நடந்தது. ஒரு கதவு முழுக்கத் தாமரை இதழ் ஓரம் பிசிறு பிசிறா வந்துச்சு. பிட் மழுங்கிடுச்சுன்னு நெனச்சு ரெண்டு புது பிட் போட்டேன். அப்புறம் ஹோல்டரைக் கழட்டி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தா, கூம்புல கடுகு அளவு தேக்குத்தூள், எண்ணெயில் ஊறி அப்பளம் மாதிரி தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கு. பிட் முனை அதனாலதான் ஆடிக்கிட்டு சுத்தியிருக்கு. தூசியை அடக்காம தானே மாத்துற ஸ்பிண்டில் போட்டா, மாத்துற ஒவ்வொரு தடவையும் அந்தத் துணுக்குக்குக் கதவைத் திறந்துவிடுற மாதிரி.

நம்ம ஊர் ஈரத்தையும் கணக்கில் வைங்க. ஐப்பசி அடைமழையில் கம்ப்ரசர் டேங்க் அடியில் தினமும் தண்ணி நிக்கும். சாயங்காலம் டிரெய்ன் வால்வைத் திறந்து வடிக்கணும், லைன்ல வாட்டர் செபரேட்டர் கட்டாயம். இல்லேன்னா கூம்புல துரு பிடிச்சிடும்.

வீட்டு வாக்குவம் கிளீனர் வாங்கிடாதீங்க. அதுக்கு இழுவிசை உண்டு, காத்தோட்டம் கம்மி. 2 எச்பி பை வச்ச டஸ்ட் கலெக்டர், 100 மில்லி குழாய். 50 மில்லி குழாயைவிடக் குறுக்குப் பரப்பு நாலு மடங்கு. நடுவில் ஒரு சைக்ளோன் (காத்தைச் சுழட்டித் தூளைக் கீழ டிரம்ல தள்ளுற கூம்பு) போட்டா தூள்ல முக்கால்வாசிக்கு மேல டிரம்லயே விழும், பை அடைக்காது. ஆனா டிரம் மூடியில் ஊசி நுழையற ஓட்டைகூட இருக்கக் கூடாது. அங்க காத்து ஏறினா விழுந்த தூள் மறுபடி மேல கிளம்பிப் பைக்குப் போயிடும். நான் மூடி சுத்தி பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கேன். பையும் சாதாரணத் துணிப்பை வேணாம். அது பெரிய தூளைப் பிடிச்சுக்கிட்டு, பொடியை அறை முழுக்க ஊதிவிடும். கலெக்டரை வெளித் திண்ணையில் வைக்க முடிஞ்சா ரொம்ப நல்லது.

மின்வேலை, மன்னார்குடி:

அண்ணன் சொன்னதோட ரெண்டு விஷயம். பிளாஸ்டிக் குழாயில் தூள் ஓடும்போது நிலைமின்சாரம் ஏறும். தொட்டா சுரீர்னு அடிக்கறது மட்டுமில்ல, யூஎஸ்பி தொடர்பு அறுந்து பாதி வேலையில் மெஷின் நின்னுடும். குழாய் உள்ளே வெறும் செம்புக் கம்பி ஒண்ணு ஓடவிட்டு எர்த்தில் கட்டுங்க. மெஷின் சட்டத்துக்கும் எர்த் வேணும்.

அடுத்தது லோடு. ஸ்பிண்டில் 2.2 கிலோவாட், கலெக்டர் 1.5, கம்ப்ரசர் இன்னொரு 1.5. மொத்தம் 5.2. 230 வோல்ட் ஒத்தை ஃபேஸில் 23 ஆம்பியருக்குக் குறையாது, மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். வீட்டு வயர் தாங்குமான்னு பார்த்துட்டு, கலெக்டர் ஓடி நிலைக்கு வந்தப்புறம் ஸ்பிண்டிலைப் போடுங்க. பம்புசெட்டு மாதிரி மும்முனை இணைப்பு வாங்க முடிஞ்சா நல்லது.

பிட் மாத்தறதுக்கு: சாதா ஜிஆர்பிஎல்லுக்கு எம்6ங்கிற பிட் மாத்துற கட்டளை தெரியாது, பிழை 20 காட்டி நின்னுடும். அது தெரிஞ்ச ஜிஆர்பிஎல்-ஹால் மென்பொருள் போடற போர்டு வேணும், இல்லேன்னா கம்ப்யூட்டரில் ஓடற லினக்ஸ்சிஎன்சி. காத்துல பிட்டை விடுற ஸ்பிண்டில்னா, அது முழுசா நின்னாத்தான் வால்வு திறக்கணும்னு ஒரு இண்டர்லாக் கட்டாயம். நிமிஷத்துக்கு 24,000 சுத்துல ஹோல்டர் கழண்டா எங்க போய்க் குத்தும்னு சொல்ல முடியாது.

மரப்பொம்மை, திருவாரூர்:

அண்ணா, உங்க பலகையைக் கெடுத்தது ஸ்பேனர் இல்லையே, பேப்பர்தானே? முதல்ல ஒரு டூல் செட்டர் வைங்க. மேடை மூலையில் ஒரு பட்டன் மாதிரி இருக்கும். பிட் மாத்தினதும் மெஷினே அங்க போய் மெல்ல இறங்கித் தொட்டு நீளத்தை எடுத்துக்கும், ஜி38.2 கட்டளைதான். சாதா ஜிஆர்பிஎல்லே போதும், ஆனா மெஷின் தன்னோட தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கிற ஹோமிங் சுவிட்ச் இருக்கணும். நான் போட்டு எட்டு மாசம் ஆகுது, அதுக்கப்புறம் ஒரு பொம்மைகூட அந்தத் தப்புல வீணாகலை.

பின்னாடி தானா மாத்தணும்னாலும் ஸ்பிண்டிலைத் தூக்கிப் போட வேணாம். இஆர்20 நட்டையே ஸ்பிண்டில் தலைகீழாச் சுத்திக் கழட்டி, ஸ்டாண்டில் இருக்கற அடுத்த நட்டை முடுக்கி எடுத்துக்கற முறை இருக்கு. கம்ப்ரசரே தேவையில்லை. விஎஃப்டி, அதாவது ஸ்பிண்டிலை ஓட்டற பெட்டி, ரெண்டு பக்கமும் சுத்த வைக்கணும், ஒவ்வொரு தடவையும் செட்டரில் நீளம் எடுத்தாகணும். அதனால செட்டர் வாங்கின காசு எப்படியும் வீணாகாது.

கதவுவேலை, கும்பகோணம்:

பாப்பா சொன்னது சரி, அதுபடியே செய்யுங்க தம்பி. ஒண்ணு மட்டும் இப்பவே யோசிச்சுக்கங்க: பிரஷ் வச்ச டஸ்ட் ஷூ, பிட்டைச் சுத்தித் தூசியை உறிஞ்சற மூடி. அதை ஸ்பிண்டில் உடம்புல நிரந்தரமா முடுக்கிட்டா பிட் மாத்துற இடத்தில் இடிக்கும். காந்தத்தில் ஒட்டற மாதிரி ரெண்டு துண்டாப் பண்ணுங்க. இப்ப கையால கழட்டலாம். பின்னாடி மெஷினே ஓரமா விட்டுட்டுப் போய் மாத்திக்கிட்டு வரும். பிரஷ் முடி பலகையை லேசாத் தொடணும், அழுத்தினா பால் நோஸ் போற வளைவுல வரி விழும்.

வீணைப்பட்டறை, தஞ்சாவூர்:

ரொம்ப நன்றிண்ணே, தங்கச்சிக்கும் நன்றி. கலெக்டர், சைக்ளோன், செட்டர் மூணும் இந்த மாசம். எலெக்ட்ரீஷியன் நாளைக்கு வயர் பார்க்க வர்றார். அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். கலெக்டரைத் திண்ணையில் வச்சா, சுருதி சேர்க்கிற நேரத்தில் மட்டும் நிறுத்திக்கணும்னார். சாத்தி வச்ச பலகையில் அந்தப் பள்ளத்தைச் சுத்தி இன்னொரு பூ வரைஞ்சு வச்சிருக்கார். அதைப் பதிப்பு வேலையா மாத்திடலாமாம். சைக்ளோனுக்கு டிரம் எங்க கிடைக்கும்?

கதவுவேலை, கும்பகோணம்:

எங்கிட்ட 200 லிட்டர் இரும்பு டிரம் ஒண்ணு சும்மா கிடக்கு. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கங்க. மூடிக்கு டியூபும் வெட்டி வைக்கிறேன்.